இல்லாத கியரை எப்படி மாற்றுவது?

இருங்காட்டுக்கோட்டையில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இரண்டு இடங்கள் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஹூண்டாய் தொழிற்சாலை. 1996-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1998-ல் முதல் சான்ட்ரோ அங்கிருந்து வெளியே வந்தது. மற்றொன்று மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களுக்கு நிரந்தர இடமாக 1990-ல் திறக்கப்பட்டது.

தொழிற்சாலையில் இன்று உருவாகும் வெர்னா காரின் ஐ.வி.டி வகையில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரு பக்கமும் விரலளவில் இரண்டு தட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இடது பக்கம் கழித்தல் குறி, வலது பக்கம் கூட்டல் குறி. பேடில் ஷிஃப்டர் என்று அதற்குப் பெயர். பந்தயத்திலிருந்து வந்த கருவி அது. 1989-ல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 காரில் ஸ்டீயரிங்கை விட்டுக் கையெடுக்காமல் கியர் மாற்றும் இந்த ஏற்பாடு ஃபார்முலா ஒன்றுக்குள் நுழைந்தது. முதல் பந்தயமான பிரேசில் கிராண்ட் பிரியிலேயே நைஜல் மான்செல் அந்தக் காரில் வென்றார். சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் அதையே பின்பற்றின.

ஐ.வி.டி என்பது ஹூண்டாய் தன் சி.வி.டிக்கு வைத்திருக்கும் பெயர். தொடர்ந்து மாறும் விகிதம் கொண்ட கியர்பாக்ஸ் அது. அதற்கும் பந்தயத்தோடு ஓர் உறவு உண்டு, ஆனால் நேர் எதிரான உறவு. 1993-ல் வில்லியம்ஸ் அணி தன் காரில் சி.வி.டியைப் பொருத்தி, டேவிட் கூல்தார்டை ஓட்டவைத்துச் சோதித்தது. 1994-ம் ஆண்டு விதிகள் நான்கு முதல் ஏழு வரை தனித்தனி கியர்கள்தான் இருக்க வேண்டும் என்று வரையறுத்து, சி.வி.டியைத் தடைசெய்தன. ஒரு பந்தயத்தில்கூட ஓடாமலே அது வெளியேற்றப்பட்டது.

பந்தயம் கொண்டாடிய கருவியும் பந்தயம் விலக்கிவைத்த இயந்திரமும் ஒரே காரில் சேர்ந்திருக்கின்றன. மாற்றுவதற்கு வரிசையாகக் கியர்களே இல்லாத காரில் கியர் மாற்றும் பேடில் எதற்கு? வாங்கியவர்கள் பலர் அதை அலங்காரம் என்று நினைத்துத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். சமவெளியில் அப்படி விட்டால் பெரிய நஷ்டமில்லை. மலைச்சாலையில் அது பிரேக்குக்கு அடுத்தபடியான பாதுகாப்புக் கருவி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சி.வி.டி வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடலாம். சாதாரண கியர்பாக்ஸில் வெவ்வேறு அளவுப் பல்சக்கர இணைகள் ஐந்தோ ஆறோ இருக்கும். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதுதான் கியர் மாற்றம். சி.வி.டியில் இரண்டே கப்பிகள். ஒன்று எஞ்சின் பக்கம், ஒன்று சக்கரங்களின் பக்கம். ஒவ்வொரு கப்பியும் முகத்துக்கு முகம் பார்த்த இரு கூம்புகளால் ஆனது. எண்ணெய் அழுத்தம் கூம்புகளை நெருக்கினால் நடுவே ஓடும் பட்டை மேலே ஏறிப் பெரிய வட்டத்தில் சுற்றும். விலக்கினால் உள்ளே இறங்கிச் சிறிய வட்டத்தில் சுற்றும். ஒரு கப்பி நெருங்கும்போது மற்றது அதே கணத்தில் விலகும். கார் கிளம்பும்போது எஞ்சின் பக்கம் சிறு வட்டம், சக்கரப் பக்கம் பெரு வட்டம். வேகம் கூடக் கூட இது மெல்லத் தலைகீழாகும். இடையில் எங்கும் விட்டுப் பிடிப்பது கிடையாது. இரு எல்லைகளுக்கும் நடுவில் எந்த விகிதத்திலும் நிற்கலாம்.

இதைக் காருக்குள் கொண்டுவந்து பெருமளவில் விற்றுக் காட்டியவர் நெதர்லாந்தின் ஹப் வான் டோர்ன். அவருடைய டாஃப் 600 கார் 1958-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. அதில் இருந்தவை ரப்பர் பட்டைகள். அந்தக் கார் முன்னால் எவ்வளவு வேகமாக ஓடுமோ பின்னாலும் அவ்வளவு வேகமாக ஓடும் என்பதால், பிற்பாடு டச்சுக்காரர்கள் டாஃப் கார்களைப் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள். ரப்பரால் பெரிய எஞ்சினின் விசையைத் தாங்க முடியவில்லை. அதற்கு விடையாக வான் டோர்ன் உருவாக்கியது உலோகப் பட்டை. சில நூறு மெல்லிய எஃகுத் தகடுகளை, அடுக்கடுக்கான எஃகு வளையங்களில் நெருக்கமாகக் கோத்த மாலை போன்ற அமைப்பு. நாம் அறிந்த பட்டைகள் எல்லாம் இழுத்து வேலை செய்பவை. இதில் தகடுகள் ஒன்றையொன்று முன்னே தள்ளி விசையைக் கடத்துகின்றன. வளையங்கள் அந்த வரிசை கலையாமல் காக்கின்றன. 1987-ல் ஜப்பானின் சுபாரு ஜஸ்டியில் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகின் பெரும்பாலான சி.வி.டி கார்களுக்குள் ஓடுவது இந்தத் தள்ளும் பட்டைதான். ஹூண்டாயின் ஐ.வி.டி இதிலிருந்து சற்று விலகி, சங்கிலியைப் பயன்படுத்துகிறது. சங்கிலியின் குறுக்கு ஊசிகளின் முனைகள் கூம்புகளின் முகத்தைப் பற்றிக்கொள்ளும். சங்கிலி இன்னும் சிறிய வட்டத்தில் வளையக்கூடியது என்பதால் இரு எல்லைகளுக்கும் இடையிலான விகித வீச்சு அதிகம் கிடைக்கும்.

எஃகு எஃகைப் பற்ற வேண்டும், வழுக்கக் கூடாது. அதே நேரம் தேயவும் கூடாது. நடுவில் நிற்கும் எண்ணெய்தான் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. சி.வி.டிக்கென்றே தயாராகும் அந்த எண்ணெய்க்குப் பதில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை ஊற்றினால் கியர்பாக்ஸின் ஆயுளே போய்விடும். சர்வீஸில் இதை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

கூம்புகளை இறுக்கிப் பிடிக்க எண்ணெய் பம்ப் எப்போதும் உழைத்துக்கொண்டே இருப்பதால், பல்சக்கரங்களைவிடச் சி.வி.டியில் ஆற்றல் இழப்பு சற்று அதிகம். ஆனாலும் மைலேஜ் நன்றாக வருவதற்குக் காரணம் எஞ்சின். பெட்ரோல் எஞ்சின் குறைந்த சுற்றில், நல்ல பாரத்தோடு வேலை செய்யும்போதுதான் சிக்கனமாக இருக்கும். சி.வி.டியின் கணினி எந்த வேகத்திலும் எஞ்சினை அந்தச் சிக்கனமான இடத்துக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கும். இருங்காட்டுக்கோட்டை–ஒரகடம் தொழிற்பகுதிக்குச் சி.வி.டி புதிதல்ல. ஒரகடத்தில் 2010-ல் திறந்த ரெனோ–நிசான் ஆலை 2013-லேயே சி.வி.டி பொருத்திய மைக்ரா, சன்னி கார்களைத் தந்தது. 2020 முதல் மேக்னைட்டிலும் சி.வி.டி வருகிறது.

இனி பேடிலுக்கு வருவோம். வயலினில் மெட்டுகள் கிடையாது. விரல் எங்கே நிற்கிறதோ அங்கே சுரம். வீணையில் மெட்டுகள் உண்டு. சுரத்தானங்கள் அங்கே கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. சி.வி.டி இயல்பில் வயலின் மாதிரி. பேடிலை அழுத்தும்போது கணினி அதன்மேல் மெட்டுகளைக் கட்டிக்கொள்கிறது. மொத்த விகித வீச்சில் ஏழோ எட்டோ புள்ளிகளை முன்கூட்டியே குறித்துவைத்திருக்கும். இடது பேடிலைத் தொட்டால் கூம்புகள் நகர்ந்து கீழ்ப்படிக்குரிய புள்ளியில் நின்றுவிடும். வலது பேடிலைத் தொட்டால் மேல்படி. உள்ளே எதுவும் கழன்று மாட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எஞ்சின் சுற்று சட்டென்று கூடுவதும் குறைவதும்தான். இது போலியான கியர் என்று சிலர் ஒதுக்குவது நியாயமில்லை. விகிதம் உண்மையாகவே மாறுகிறது, உண்மையாகவே அங்கே நிற்கிறது. படிகள்தான் கற்பனை.

பெரும்பாலான கார்களில் 'டி' நிலையில் ஓடும்போது பேடிலைத் தொட்டால் தற்காலிகமாக மட்டுமே கட்டுப்பாடு நம் கைக்கு வரும். சிறிது நேரம் சீராக ஓட்டினால் கணினி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கியர் நெம்புகோலை மேனுவல் பக்கம் தள்ள வேண்டும். நாம் கேட்டதையெல்லாம் அது செய்துவிடாது என்பதும் நல்லதே. எஞ்சின் எல்லை மீறிச் சுழலும் என்றால் கீழ்ப்படிக்கு இறங்க மறுக்கும். வண்டி நிற்கப்போகிற வேகத்துக்கு வந்தால் தானே கீழே இறங்கிக்கொள்ளும்.

நெடுஞ்சாலையில் இதன் பயன் என்ன? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் பக்கம் போகும்போது, கார்களை ஏற்றிய நீள டிரெய்லர்களும் கன்டெய்னர் லாரிகளும் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். எண்பதில் சீராக ஓடும் சி.வி.டி காரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றிலேயே அமைதியாக இருக்கும். வெர்னாவின் 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல் எஞ்சின் தரும் 115 பி.எஸ். திறன் 6,300 சுற்றில்தான் கிடைக்கும். அதன் உச்ச முறுக்குவிசை 144 நியூட்டன் மீட்டர், 4,500 சுற்றில். முறுக்குவிசையையும் சுற்றையும் பெருக்கினால்தான் திறன். 2,000 சுற்றிலேயே அந்த 144-ம் முழுதாகக் கிடைத்தால்கூடத் திறன் 41 பி.எஸ்.-ஐத் தாண்டாது. மீதியைப் பெற எஞ்சின் சுற்று ஏற வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு கணினி அதைப் புரிந்துகொண்டு, கூம்புகளை நகர்த்தி, சுற்றை ஏற்றிக் கொடுக்க ஒரு கணம் ஆகிறது. சத்தம் முதலில், பிக்கப் பிறகு என்று சி.வி.டியைப் பற்றிச் சொல்லும் குறை இந்தத் தாமதத்தில் பிறந்ததுதான். முந்தப்போகிறோம் என்று நமக்கு முன்பே தெரியும், காருக்குத் தெரியாது. வலப்பக்கம் காலியாகும் நேரம் பார்த்து இடது பேடிலை இருமுறை தொட்டுவிட்டால், மிதிக்கும்போது எஞ்சின் தயாராக இருக்கும்.

ஆனால் இதனால் கார் வேகமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். முழுதாக மிதித்தால் 'டி' நிலையிலேயே சி.வி.டி எஞ்சினை உச்சத் திறனுக்குரிய சுற்றுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து வண்டியை இழுக்கும். படிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படியிலும் அந்த உச்சத்தைச் சற்று நேரம்தான் தொடலாம், அடுத்த படியில் சுற்று மறுபடி விழும். 1993-ல் வில்லியம்ஸ் சி.வி.டியைத் தேடிப்போனதன் காரணமும் இதே கணக்குதான். பேடிலால் மைலேஜும் அதிகமாகாது. கணினி தேடிப்பிடித்த சிக்கனமான இடத்திலிருந்து நாம்தான் எஞ்சினை வெளியே இழுக்கிறோம்.

மலை இறக்கத்தில்தான் பேடில் தன் மதிப்பைக் காட்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. நம் மலைச்சாலைகளில் பழகிய டிரைவர்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் விதி ஒன்று உண்டு: ஏறிய கியரிலேயே இறங்கு. அதற்குப் பின்னால் உள்ள இயற்பியலை ஒரு கணக்கு போட்டால் புரியும்.

ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் இருந்ததால் அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் ஜூல். முப்பது டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அடிவாரத்துக்கு வரும்போது இவ்வளவும் எங்காவது போயிருக்க வேண்டும். டயர்களும் காற்றும் ஒரு சிறு பங்கைத் தின்றுவிடும். மீதியைப் பிரேக் மட்டுமே ஏற்றால் அத்தனையும் டிஸ்க்கிலும் பிரேக் பேடுகளிலும் சேரும். பிரேக் பேடு ஓர் அளவுக்கு மேல் சூடானால் உராய்வு குறைந்துவிடும். மிதி கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் எண்ணெயின் கதை இன்னும் மோசம். புதிய டாட் 3 எண்ணெய் 205 டிகிரியில் கொதிக்கும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி நசுங்கும், மிதி தரைவரை இறங்கும், பிரேக் பிடிக்காது. மலையடிவாரத்தில் கருகிய வாடையோடு வண்டிகள் ஓரங்கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எஞ்சினும் ஒரு பிரேக்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் த்ராட்டில் அடைபடும். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற, பிஸ்டன்கள் கிட்டத்தட்ட மூடிய வழியாகக் காற்றை உறிஞ்சப் போராட வேண்டியிருக்கும்; உள்ளுறுப்புகளின் உராய்வும் சேர்ந்துகொள்ளும். இப்படி எஞ்சின் விழுங்கும் ஆற்றல் சுற்றைப் பொறுத்தது. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 1,500 சுற்றில் தோராயமாக இரண்டு மூன்று கிலோவாட்தான் உறிஞ்சும். 4,000 சுற்றில் அது பத்து கிலோவாட்டை நெருங்கும். நம் 1,500 கிலோ கார், 100 மீட்டருக்கு 7 மீட்டர் இறங்கும் சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் தணிக்க வேண்டியது ஏறத்தாழ எட்டரை கிலோவாட். ஆக, எஞ்சினை 3,500 சுற்றுப் பக்கம் வைத்திருந்தால் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பிரேக் வளைவுகளுக்கு மட்டும் மிச்சமாகும்.

சி.வி.டியில் சிக்கல் வருவது இங்கேதான். காலை எடுத்தவுடன், இவர் அமைதியாக ஓட்டுகிறார் போலும் என்று கணினி கணக்கிட்டு, சுற்றை முடிந்தவரை குறைத்துவிடும். சமவெளியில் அது சரியான முடிவு. இறக்கத்தில் கார் தளையறுத்ததுபோல் ஓட ஆரம்பிக்கும். சரிவை உணர்ந்து தானே சுற்றைக் கூட்டும் புத்தி பல புதிய கார்களில் உண்டு என்றாலும், அது நடந்ததைப் பார்த்துச் செய்வது. அடுத்த திருப்பத்துக்கு அப்பால் இன்னும் செங்குத்தான இறக்கம் இருக்கிறது என்பது ஸ்டீயரிங் பிடித்தவருக்கு மட்டுமே தெரியும். அந்தச் செய்தியைக் காருக்குச் சொல்லும் வழிதான் இடது பேடில்.

இறக்கம் தொடங்கும் இடத்திலேயே நெம்புகோலை மேனுவல் பக்கம் வைத்து, இடது பேடிலால் ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். சுற்று ஏறி எஞ்சின் உறுமும். அந்த உறுமலைக் கேட்டு வண்டி கெட்டுப்போகும் என்று பயந்து மேல்படிக்குப் போகிறவர்கள் நிறைய. சுற்றுமானியின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை எஞ்சினுக்கு எந்தக் கேடும் இல்லை. பெட்ரோல் வீணாகும் என்ற பயமும் தவறு. நவீன எஞ்சினில் காலை எடுத்துச் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றும்போது இன்ஜெக்டர்கள் எரிபொருளை முழுவதும் நிறுத்திவிடும். மாறாக, நியூட்ரலில் இறங்கினால் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். நியூட்ரலில் இறங்கினால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. அப்போதும் அது ஆபத்தாகவே இருந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். மழையில் நனைந்த சாலையில் ஒரே மூச்சில் மூன்று நான்கு படி இறக்கினால் முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கலாம், படிப்படியாகவே இறக்குங்கள். எஞ்சினால் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது என்பதையும் மறக்க வேண்டாம். பின்னால் நெருக்கமாக வண்டி வந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்டுவது நம் பாதுகாப்புக்கும் அவர் பாதுகாப்புக்கும் நல்லது.

இந்தத் தொழிற்பகுதியில் மிகச் சாதாரணமான சி.வி.டியைப் பார்க்க வேண்டுமென்றால் வல்லம் வடகாலுக்குப் போக வேண்டும். அங்குள்ள யமஹா ஆலையிலிருந்து வரும் ஸ்கூட்டர்களுக்குள் ரப்பர் பட்டையும் கூம்புக் கப்பிகளும்தான் இருக்கின்றன. கணினி இல்லை; சுழற்சியால் வெளியே தள்ளப்படும் சிறு உருளைகளே விகிதத்தை முடிவுசெய்கின்றன. மற்ற நிறுவனங்களின் பெரும்பாலான பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்கும் இது பொருந்தும். மெதுவான வேகத்தில் அதன் கிளட்ச் தானே விலகிவிடும் என்பதால் எஞ்சினின் தடுப்பு அறவே போய்விடும். ஸ்கூட்டரில் மலை இறங்குகிறவருக்குப் பேடிலும் கிடையாது, கீழ்க்கியரும் கிடையாது. இரண்டு பிரேக்குகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, சூடு ஆற நிறுத்தி நிறுத்தி இறங்குவது ஒன்றே வழி.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் இன்னும் பெரும்பாலும் கிளட்ச் உள்ள வண்டியை வைத்தே பாடம் நடத்துகின்றன. ஏறிய கியரில் இறங்கு என்று கற்றவர் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறியதும், அந்த விதி தனக்கு இனிப் பொருந்தாது என்று நினைத்துக்கொள்கிறார். புதுக் காரை ஒப்படைக்கும் ஷோரூமில் சன்ரூஃபையும் திரையையும் விளக்குகிறவர்கள், இடது பேடிலுக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகளும் இதைப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

சி.வி.டி கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ கிளம்புமுன், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் ஐம்பதில் ஓட்டிக்கொண்டே இடது பேடிலைத் தொட்டுப் பாருங்கள். சுற்று எவ்வளவு ஏறுகிறது, வண்டி எவ்வளவு அடங்குகிறது, எவ்வளவு நேரத்தில் கட்டுப்பாடு மறுபடி காரிடம் போகிறது என்று பழகிக்கொள்ளுங்கள். பேடில் இல்லாத காரென்றால் நெம்புகோலில் 'எல்' என்றோ 'எஸ்' என்றோ ஒரு நிலை பெரும்பாலும் இருக்கும். இறக்கத்தில் அதைப் பயன்படுத்துங்கள். பிரேக் எண்ணெயைக் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். எந்தக் காராக இருந்தாலும், எந்த மலையாக இருந்தாலும், நியூட்ரலில் மட்டும் இறங்காதீர்கள்.